நட்சத்திரம் ஒன்றா, இரண்டா? மார்க்டவுன் கேள்வி-பதில்

மார்க்டவுன் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காவிரிப் படுகையிலிருந்து. குறுவைக் கணக்கு எழுதுகிறவர், பதிகம் தட்டச்சு செய்கிறவர், தேர்வுக்குப் படிக்கிறவர் என்று ஆட்கள் விதவிதம். புகார் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: அடித்தது ஒன்று, திரையில் வருவது வேறொன்று.

புதியவர்களுக்காக நாலு வரி. வெறும் எழுத்துக் கோப்பிலேயே சில குறிகளைப் போட்டு, இது தலைப்பு, இது பட்டியல், இது தடித்த எழுத்து என்று சொல்லும் முறைதான் மார்க்டவுன். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்டார். அதை வடிவமைக்க ஆரோன் ஸ்வார்ட்ஸ் உதவினார். எந்தச் செயலியும் இல்லாமல் கோப்பை அப்படியே திறந்தாலும் கண்ணால் படிக்க முடிய வேண்டும் என்பது க்ரூபரின் எண்ணம். என் பதில்களும் அந்தப் பக்கம்தான் சாயும். குறி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

வாட்ஸ்அப்பில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எழுத்து தடிக்கிறது. குறிப்புச் செயலியில் அதையே போட்டால் சாய்கிறது. எங்கள் விவசாயிகள் குழுவுக்கு முறைப்பாசன அறிவிப்பு எழுதுகிறேன். இரண்டு இடத்துக்கும் ஒரே மாதிரி எழுத வழி உண்டா சார்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

முழுதாக இல்லை. மார்க்டவுனில் ஒரு நட்சத்திரம் சாய்வெழுத்து, இரண்டு நட்சத்திரம் தடித்த எழுத்து. வாட்ஸ்அப் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறது. அங்கே ஒன்றே தடிப்பு. ஆனால் 2024இல் வாட்ஸ்அப் பட்டியலையும் மேற்கோளையும் சேர்த்துக்கொண்டது. வரித் தொடக்கத்தில் சிறுகோடும் ஓர் இடைவெளியும் விட்டால் இரண்டு இடத்திலும் பட்டியல் வரும். எந்த வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் தண்ணீர் என்பதைப் பட்டியலாகப் போட்டுவிடுங்கள். தடிப்பு இல்லாமலே தெளிவாக இருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். குறி எழுத்தை ஒட்டியிருக்க வேண்டும். * முக்கியம் * என்று நடுவில் இடம் விட்டு வரியைத் தொடங்கினால், மார்க்டவுன் முதல் நட்சத்திரத்தைப் பட்டியல் புள்ளியாக எடுத்துக்கொள்ளும். கடைசி நட்சத்திரம் அநாதையாக நிற்கும்.

பதிகங்களைப் பாடும் வரி முறைப்படி அடிக்கிறேன். செயலியில் பார்த்தால் நாலு வரியும் ஒரே வரியாக ஓடுகிறது. வரி முடிவில் இரண்டு இடைவெளி விடச் சொன்னார்கள். விட்டால் முற்றுப்புள்ளி வந்து விழுகிறது. – ஓதுவாரிடம் பயிலும் மாணவர், திருவையாறு

மார்க்டவுனைத் தொடுகிற எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. பாட்டு எழுதுகிறவர்களுக்கு அடி பலமாகவே படும். காரணம் மின்னஞ்சல் பழக்கம். அந்தக் காலத்தில் நீண்ட பத்தியை வரி வரியாக உடைத்து அடிப்பார்கள். படிக்கும்போது அது ஒரே பத்தி. மார்க்டவுனும் அதையே பின்பற்றி, ஒரு தடவை என்டர் தட்டியதைக் கணக்கில் எடுப்பதில்லை. நடுவே ஒரு வெற்று வரி விட்டால்தான் அடுத்த பத்தி.

பத்தி மாறாமல் வரி மட்டும் மாற, வரி முடிவில் இரண்டு இடைவெளி என்பது பழைய வழி. எனக்கு அது பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி ஒரு பதிகத்தையே வைக்க முடியுமா? சில செயலிகள் சேமிக்கும்போது வரிக் கடைசி இடைவெளிகளைத் துடைத்துவிடும். அப்புறம் உங்கள் முற்றுப்புள்ளி: இரண்டு தடவை இடைவெளி தட்டினால் புள்ளி வைப்பது கைபேசி விசைப்பலகையின் வேலை. அமைப்புகளில் அதை நிறுத்திவிடலாம்.

அதைவிட, மார்க்டவுனை ஒழுங்குபடுத்த 2014இல் வந்த காமன்மார்க் விதிமுறை பின்சாய்கோட்டை அனுமதிக்கிறது. இப்படி:

முதல் அடி\
இரண்டாம் அடி\
மூன்றாம் அடி\
நான்காம் அடி

கடைசி அடிக்குப் போடக் கூடாது. போட்டால் கோடு அப்படியே திரையில் தெரியும். அடுத்த பாட்டுக்கு முன் ஒரு வெற்று வரி. அப்சிடியன் போன்ற சில செயலிகள் என்டரை என்டராகவே காட்டும். அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே கோப்பை வேறு எங்காவது திறந்தால் பதிகம் மறுபடி ஒரே ஓட்டமாக ஓடும். அதனால் கோடு போட்டே பழகுங்கள்.

போட்டித் தேர்வுக்குக் காவிரிப் பிரச்சினையை ஆண்டு வாரியாகக் குறித்தேன். செயலியில் ஆண்டெல்லாம் தப்பாக வருகிறது. நான் சரியாகத்தான் அடித்தேன். – கும்பகோணம்

நீங்கள் சரியாகத்தான் அடித்திருக்கிறீர்கள். அனுப்பியது இது:

1924. சென்னை–மைசூர் ஒப்பந்தம்
1934. மேட்டூர் அணை கட்டி முடிந்தது
1990. நடுவர் மன்றம் அமைப்பு
2007. நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு
2018. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

எண், புள்ளி, இடைவெளி என்று ஒரு வரி தொடங்கினால் அது மார்க்டவுனுக்கு எண் பட்டியல். முதல் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைத் தானே எண்ணும். ஆகவே திரையில் 1924, 1925, 1926, 1927, 1928. சில செயலிகளில் 1, 2, 3. எழுத்து சாய்ந்துபோனால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே தகவலே மாறிவிடுகிறது, அதுவும் சத்தமில்லாமல். மேட்டூர் அணை 1925இல் முடிந்தது என்று படித்துவிட்டுத் தேர்வு அறைக்குள் போனால் என்ன ஆகும்?

ஆண்டுக்குப் பின் புள்ளி வைக்காதீர்கள். சிறுகோட்டுப் பட்டியலாக்கி, "- 1924: சென்னை–மைசூர் ஒப்பந்தம்" என்று எழுதினால் போதும். புள்ளிதான் வேண்டும் என்றால் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு: 1924\. என்று.

பழைய குறிப்புகளையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஆண்டோடு தொடங்கும் வரி வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ!

தடித்த எழுத்தோடு வேற்றுமை உருபு சேர்ந்தால் சில இடத்தில் வேலை செய்கிறது, சில இடத்தில் நட்சத்திரம் அப்படியே நிற்கிறது. ஏன்? – தமிழ் முதுகலை மாணவி, தஞ்சாவூர்

நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது அபூர்வமாகத்தான் வரும்; நமக்குத்தான் சொல்லோடு உருபு ஒட்டும்.

**காவிரி**யில் என்பது சரியாக வரும். **"குறுவை"**யில் என்பது வராது. **நெல் (சம்பா)**வுக்கு என்பதும் வராது. மூடும் குறிக்கு முன்னால் மேற்கோள், அடைப்பு போன்ற நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால், காமன்மார்க் அதை மூடும் குறியாக ஏற்பதில்லை. மேற்கோளை வெளியே தள்ளி "**குறுவை**"யில் என்று எழுதுங்கள். அடைப்புக்குறி என்றால் உருபையும் சேர்த்துத் தடிக்க வைத்துவிடுங்கள்: **நெல் (சம்பா)வுக்கு**.

அடிக்கோட்டுக் குறியையும் தமிழில் தவிர்த்துவிடலாம். _காவிரி_யில் என்று போட்டால் சொல்லின் நடுவே வரும் அடிக்கோடு என்று கருதிச் சும்மா விட்டுவிடும். நட்சத்திரமே போதும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வெழுத்து உள்ளவை குறைவு. இல்லாதபோது செயலி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது. சுழியும் கொம்பும் பக்கத்து எழுத்தின் மேல் போய் விழும். நூல் பெயரைச் சாய்வில் போடும் வழக்கத்தை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு, நாம் மேற்கோளுக்குள் போடலாம்.

செய்ய வேண்டிய வேலைகளைக் கட்டம் போட்டு எழுத ஆசை. சதுர அடைப்புக்குறி அடித்தால் ச, ஞ என்று வருகிறது. – டிடிபி கடை நடத்துபவர், மயிலாடுதுறை

உங்கள் விசைப்பலகை தமிழ்99. அதில் சதுர அடைப்பு விசைகள் இரண்டும் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் போய்விட்டன. ஆங்கிலத்துக்கு மாறி அடிப்பதுதான் வழி. ஒவ்வொரு வரிக்கும் மாறினால் கை வலிக்கும். "- [ ] " என்பதை ஒரு தடவை அடித்து, தேவையான வரிகளுக்கெல்லாம் ஒட்டிவிட்டு, பிறகு தமிழில் நிரப்புங்கள். முடிந்த வேலைக்கு நடு இடைவெளியில் ஆங்கிலச் சின்ன எக்ஸ்.

அப்பா கோயில் கணக்குப் பார்த்தவர். உற்சவ முறைகளைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார். அதை மார்க்டவுன் கோப்பாக்கினால் என்னென்னவோ குறிகள் வருகின்றன. – திருவாரூர்

மார்க்டவுன்மேல் குற்றமில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. எழுத்துருவை எடுத்துவிட்டால் "அம்மா" என்ற சொல்லே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எழுத்துக் கோப்பு எழுத்துருவைச் சுமந்துகொண்டு போகாது. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றியதை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

மாற்றிய பிறகு ஒரு சோதனை. அப்பா காலத்துக் கோப்புகளில் ஔகாரத்துக்குக் கொம்பும் ளகரமும் அடித்திருப்பார்கள். "கௌரி"யும் "கெளரி"யும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும், தேடினால் கிடைக்காது. "பௌர்ணமி" உற்சவத்தைத் தேடி, இல்லையென்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். "கண்டுபிடித்து மாற்று" வசதியால் சரிசெய்யலாம்; ஆனால் "தெளிவு", "வெள்ளி" போன்ற சொற்களில் கொம்பும் ளகரமும் நியாயமாகவே வரும். மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

தலைப்பு, பட்டியல் எல்லாம் அதற்கப்புறம்தான்.

குறுவை, சம்பா செலவை மார்க்டவுன் அட்டவணையில் போடலாமா? – விவசாயி, பாபநாசம்

போடலாம்; போடாமல் இருப்பது மேல். அட்டவணை இப்படி:

| வயல் | பரப்பு | நடவு |
|---|---|---|
| ஆற்றங்கரை | 3 மா | குறுவை |
| மேட்டு வயல் | 5 மா | சம்பா |

இரண்டாவது வரியில் சிறுகோடுகள் இல்லாவிட்டால் அட்டவணை வராது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் இல்லை என்பதால் நிலைக்கோடுகள் நேராக நிற்காது; அதற்காக இடைவெளி தட்டித் தட்டி மெனக்கெட வேண்டாம், செயலி பார்த்துக்கொள்ளும். க்ரூபரின் மூல முறையில் அட்டவணையே கிடையாது, பின்னால் சேர்ந்தது. அதனால் எல்லாச் செயலியிலும் வராது.

மார்க்டவுன் கூட்டிக் கழிக்காது என்பதுதான் பெரிய குறை. உழவுக்கூலி, நடவுக்கூலி, உரம் என்று தொகை வந்தால் விரிதாளுக்குப் போய்விடுங்கள். இங்கே நாட்குறிப்பு எழுதுங்கள்: தண்ணீர் எப்போது வந்தது, எந்த மடைப் பக்கம் பயிர் மஞ்சளித்தது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்றார்கள். பருவத்துக்கு ஒரு தலைப்பு வையுங்கள். அடுத்த சம்பாவுக்கு நீங்கள் திரும்பத் தேடப்போவது அதைத்தான்.

சின்னச் சின்னதாக

*வரிக்குக் கீழே மூன்று சிறுகோடு போட்டால் மேல்வரி பெரிதாகிறது:* இடையில் வெற்று வரி விடுங்கள். ஒட்டிப் போட்டால் மேலே இருப்பது தலைப்பு என்று பொருள்.

*#குறுவை என்று போட்டால் தலைப்பு வரவில்லை:* குறிக்குப் பின் இடைவெளி வேண்டும். ஒட்டி எழுதினால் சில செயலிகள் அதை அடையாளச் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

*பத்தித் தொடக்கத்தை உள்தள்ளினால் கட்டத்துக்குள் போய்விடுகிறது:* நாலு இடைவெளி விட்டால் அதை நிரல் என்று நினைக்கிறது. பள்ளிக்கூடப் பழக்கம், விட்டுவிடுங்கள்.

*எந்தச் செயலி?* ஆண்ட்ராய்டில் மார்க்கர் (Markor) இலவசம், சிறியது. கணினியும் சேர்த்து என்றால் அப்சிடியன் அல்லது ஜாப்ளின். அப்சிடியன் எழுத்துக் கோப்புகளை உங்கள் அடைவிலேயே அப்படியே வைக்கிறது என்பதால் என் ஓட்டு அதற்கு.

கஜா புயலில் கணினியும் போச்சு, கோப்பும் போச்சு. இனிமேல் எப்படிப் பாதுகாப்பது? – வேதாரண்யம்

2018 நவம்பரில் உங்கள் பக்கம் மின்சாரம் திரும்பவே எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இணையத்தில் ஒரு நகல் இருந்தாலும் கையில் ஒன்று வேண்டும். எழுத்துக் கோப்பு ரொம்பச் சிறியது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஆயிரம் பக்கம் எழுதினாலும் சில மெகாபைட்தான். பழைய பென் டிரைவே தாராளம். ஒன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளை வீட்டில் கொடுத்து வையுங்கள்.

நகலெடுக்கும்போது படங்களை மறக்காதீர்கள். மார்க்டவுன் கோப்புக்குள் படம் இருக்காது, படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான். குறிப்பை மட்டும் எடுத்துப்போனால் பட்டா நகல் இருந்த இடத்தில் வெறும் கட்டம் தெரியும். படங்களைக் குறிப்புகள் இருக்கும் அடைவுக்குள்ளேயே ஓர் உள் அடைவில் போட்டு, மொத்த அடைவையும் நகலெடுங்கள்.