மழைக்காலத்தில் தாய்லாந்தின் உபோன் ராட்சதானிக்குப் போகலாமா?

ஜூலை என்றால் தாராளமாகப் போகலாம். செப்டம்பர், அக்டோபர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். மூன் ஆறு நிரம்பி, தென்கரையில் உள்ள வாரின் சம்ராப் பக்கம் வெள்ளம் புகும். 2019, 2022 இரண்டு ஆண்டுகளிலும் அங்கே பெரிய வெள்ளம். பாங்காக்கிலிருந்து வரும் ரயில் நிற்பதும் அந்தக் கரையில்தான்.

ஜூலையைச் சொன்னதற்குக் காரணம் மெழுகுவர்த்தித் திருவிழா. மழை மாதங்கள் மூன்றிலும் பிக்குகள் ஊர் ஊராகப் போகாமல் ஒரே மடத்தில் தங்குவார்கள். அந்தக் காலத்துக்கு விளக்கெரிக்கக் கொடுத்த மெழுகுவர்த்திதான், இன்று வண்டியில் ஏற்றி இழுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஊர்வலத்தைவிட, அதற்கு முந்தைய நாட்களில் கோயில் வளாகங்களில் நடக்கும் வேலைதான் எனக்குப் பிடித்தது. ஒருவர் மெழுகை அச்சில் அழுத்திச் சின்னச் சின்னப் பூவாக எடுப்பார், இன்னொருவர் அதை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போவார். (ஊர்ப் பெயரில் இருப்பதும் நமக்குத் தெரிந்த 'ராஜதானி'தான்!)

மழை விட்டதும் வாட் துங் சீ மூவாங் கோயிலுக்குப் போங்கள். ஓலைச்சுவடிகளைக் கரையான் அரிக்காமலிருக்க, குளத்தின் நடுவே கால்கள் நட்டுக் கட்டிய மரக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது.

அப்புறம், இணையத்தில் படம் பார்த்துவிட்டு சாம் பான் போக் பாறைக்குழிகளைத் தேடிப் போய்விடாதீர்கள். மழைக்காலத்தில் அவை மேகோங் ஆற்றுக்கு அடியில் கிடக்கும். அதற்குப் பதில் செங் சான் அருவிக்குப் போகலாம். பாறையில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டும், அதுவும் மழை பெய்தால்தான்.