நான்கு வருடக் கட்டணத்தை எஸ்க்ரோவில் கேட்கிறார்கள் என்றால்

எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்காவில் இளங்கலை முடிக்கிறீர்கள், அங்கேயே எம்.டி. (நான்கு வருட மருத்துவப் படிப்பு) இடமும் கிடைத்துவிட்டது. நான்கு வருடக் கட்டணத்தை எஸ்க்ரோ கணக்கில், அதாவது கட்டணத்துக்கென்றே முன்கூட்டி ஒதுக்கிவைக்கும் கணக்கில், போட்டால்தான் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி தருமாம். கிரீன் கார்டு வைத்திருக்கும் சித்தப்பா கடனுக்கு இணைக் கையெழுத்துப் போடத் தயார். அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படியே போதாது. தனியார் கடன் பெரும்பாலும் வருடா வருடம்தான் ஒப்புதலாகும். பணமும் செமஸ்டர்தோறும் நேராகக் கல்லூரிக்குப் போகும். எஸ்க்ரோவோ மொத்தத் தொகையை இப்போதே கேட்கிறது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒவ்வொரு வருடமும் சித்தப்பாவின் கிரெடிட்டை (கடன் வரலாற்றை) மறுபடி பார்ப்பார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் நான்கு வருட எஸ்க்ரோ விசா சட்டம் அல்ல, கல்லூரியின் சொந்த விதி. ஐ-20க்கு முதல் வருடச் செலவுக்குக் கையில் பணமும், மீதிக்கு நம்பத்தகுந்த வழியும் காட்டினால் போதும். ஆகவே நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: ஒரு வருடத் தொகை போதுமா? வங்கியின் லெட்டர் ஆஃப் கிரெடிட்டை (பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதத்தை) ஏற்பீர்களா? வெளிநாட்டு மாணவருக்குக் கல்லூரியின் சொந்தக் கடனோ உதவித்தொகையோ உண்டா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள், போன் பேச்சு நிற்காது.

வீடு, நிலத்தின் மதிப்பீட்டுச் சான்றை நம்பாதீர்கள். எடுக்கக்கூடிய பணத்தைத்தான் கணக்கில் கொள்வார்கள். ஃபெடரல் கடன், அதாவது அமெரிக்க அரசின் கல்விக் கடன், எஃப்-1 மாணவருக்குக் கிடையாது, அதற்கான விண்ணப்பப் படிவத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இளங்கலை முடிந்த 60 நாளுக்குள் செவிஸ் மாற்றத்தை, அதாவது அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் உள்ள உங்கள் பதிவைப் புதிய கல்லூரிக்கு மாற்றும்படி, இப்போதைய கல்லூரியிடம் கேட்டுவிடுங்கள். வேறு கல்லூரியின் காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், இந்தப் பணப் பிரச்சினை முடியும்வரை அதிலிருந்து விலகாதீர்கள்.