ராத்திரி யாரு முழிச்சிருப்பாங்கன்னு கேளுங்க

கேள்வி: மாமியாருக்கு அல்சைமர், 76 வயசு. சாயந்தரமானா புடவைய மூட்டை கட்டி "எங்க வீட்டுக்குப் போறேன்"னு கிளம்பிடறாங்க, ராத்திரி தெருவுக்கே போயிட்டாங்க. சாதாரண முதியோர் இல்லத்துல எடுக்கமாட்டேங்கறாங்க. மறதி நோய்க்குன்னே இருக்கற ஹோம்ல சேக்கலாம்னா நாத்தனார் "எங்கம்மாவ தள்ளிவிடறீங்களா"ன்னு சண்டை. என்ன பாத்து சேக்கறது மேடம்?
- வாசகி, திருச்சி

பதில்: சேக்கறது பாவமே இல்லைங்க. நாத்தனார ஒரு வாரம் வந்து ராத்திரியும் கூட தங்கச் சொல்லுங்க, சண்டைக்காக இல்ல, அவங்க கண்ணால பாக்கணும். திடீர்னு இப்படி அதிகமாயிருந்தா முதல்ல யூரின் டெஸ்ட் எடுங்க, இந்த வயசுல யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தாலே குழப்பம் ஏறிடும்.

ஹோம் பாக்க காலைல 11 மணிக்கு வரச்சொல்வாங்க, அப்ப எல்லாமே அமைதியாத்தான் இருக்கும். நீங்க சாயந்தரம் 5, 6 மணிக்கு போங்க, இந்த நோய்ல படபடப்பு கூடற நேரம் அது. ஒரு பாட்டி "வீட்டுக்குப் போகணும்"னு அழுதா அட்டெண்டர் பொண்ணு என்ன பண்ணுதுன்னு பாருங்க. "இதான் உன் வீடு, உக்காரு"ன்னு அதட்டினா வேண்டாம். "சரி பாட்டி, காபி குடிச்சிட்டு போலாம்"னு கையப் புடிச்சி கூட நாலு சுத்து நடந்தா அது விஷயம் தெரிஞ்ச இடம். நெதர்லாந்துல ஹோகவெய்க்னு மறதி நோயாளிங்களுக்காகவே 2009ல ஒரு குட்டி ஊரே கட்டினாங்க, தெரு, சூப்பர்மார்க்கெட் எல்லாம் உள்ளயே, அவங்க பாட்டுக்கு நடக்கலாம். அந்த அளவுக்கு வேண்டாம், பூட்டின கேட்டுக்குள்ள நடக்க ஒரு நல்ல வராந்தாவாவது இருக்கணும்.

ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை பேர் முழிச்சிருப்பாங்க, கட்டில்ல கட்டிப் போடுவீங்களா, தூங்க மாத்திரை குடுப்பீங்களான்னு நேராவே கேளுங்க, கூச்சப்படாதீங்க. மனநோய்க்கு குடுக்கற சில மாத்திரைங்கள ஆளை அடக்க குடுத்துடறாங்க, மறதி நோய் உள்ள பெரியவங்களுக்கு அதுல ஸ்ட்ரோக், உயிரிழப்பு அபாயம் கூடுதல், உயிரிழப்பு பத்தி அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2005லயே எச்சரிச்சாச்சு. ரொம்ப முரண்டு பண்றப்ப டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதறது வேற, ஆனா எந்த மாத்திரையா இருந்தாலும் உங்களுக்கு சொல்லாம ஆரம்பிக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கிடுங்க.

இடம் விசாரிக்க முதியோர் ஹெல்ப்லைன் 14567, இலவசம்தான். அட்வான்ஸ் மொத்தமா கட்டாதீங்க, ரெண்டு வாரம் வெச்சிப் பாக்க ஒத்துக்கற இடமா தேடுங்க. சேக்கும்போது எந்தப் பேர் சொன்னா திரும்பிப் பாப்பாங்க, காபில எவ்ளோ சக்கரை, குளிக்க வெந்நியா பச்சத்தண்ணியான்னு ஒரு பேப்பர்ல எழுதி அந்த அட்டெண்டர் பொண்ணு கைலயே குடுங்க, ஆஃபீஸ்ல குடுத்தா ஃபைல்ல போயிடும்.