இரண்டு ஊர்களில் உள்ள சர்வர்களுக்கு இடையே ஃபைல்களைத் தினமும் தானாக, பாதுகாப்பாக அனுப்புவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: செங்கோட்டையில் தலைமை அலுவலகம், புனலூரில் கிளை, இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சர்வர். புனலூரில் போட்ட பில் ஃபைல்கள் (சில எம்பிதான்) இரவோடு இரவாகச் செங்கோட்டைக்கு வந்து சேர வேண்டும். இப்போது எஃப்டிபி என்ற பழைய ஃபைல் பரிமாற்ற முறையில் அனுப்புகிறீர்கள், பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். இதைப் பாதுகாப்பாக மாற்ற ஏதாவது சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். லினக்ஸ் சர்வர் என்றால் ஓப்பன்எஸ்எஸ்எச் (இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே போவதை யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் சாஃப்ட்வேர்) அதிலேயே இருக்கும், அது போதும். நான் கம்பத்தில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனித்துக்கொள்கிறேன். மலைக்கு மேலே குமுளியில் எங்கள் டிப்போ இருக்கிறது. ஸ்பைசஸ் போர்டின் இ-ஏலம் புற்றடியிலும் போடியிலும் நடக்கும். அங்கே எடுத்த லாட், ரகம், எடை எல்லாம் டிப்போவில் பதிவாகி இரவுக்குள் கம்பத்துக்கு இறங்கிவிட வேண்டும். மறுநாள் காலையில் பில்லும் இ-வே பில்லும் அதை வைத்துத்தான் போடுகிறோம். உங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதே என்பதால் எங்கள் ஏற்பாட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எஃப்டிபியை நிறுத்துங்கள். அதில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஃபைலும் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே லைனில் போகும். வழியில் யார் ஒட்டுக்கேட்டாலும் படித்துவிடலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் இப்படிப் பாஸ்வேர்டுகள் களவுபோன பிறகுதான், 1995இல் அங்கிருந்த டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். இன்று எல்லாரும் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச் 1999இல் வந்தது. எஸ்எஃப்டிபி என்பது இந்த எஸ்எஸ்எச் மேல் ஓடும் ஃபைல் பரிமாற்றம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் எஃப்டிபிக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை. சர்வரின் நெட்வொர்க் வாசல்களில் போர்ட் 22 ஒன்று திறந்திருந்தால் வேலை நடக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் முடிவு செய்யுங்கள்: இந்த வேலை ஓடும்போது பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். பாஸ்வேர்டு கேட்டால் அடிக்க ஆள் இல்லை, லைன் அறுந்தால் பார்க்க ஆள் இல்லை, நின்றுபோனால் சொல்லவும் ஆள் இல்லை. டேட்டாவை மறைத்து அனுப்புவதை எஸ்எஸ்எச் பார்த்துக்கொள்ளும். ஆள் இல்லாத குறையை நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக கீ ஜோடி உண்டாக்குங்கள். ஈடி25519 வகை போதும், 2014இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5 முதல் அது இருக்கிறது. பிரைவேட் கீ அனுப்பும் சர்வரை விட்டு வெளியே போகக் கூடாது. பப்ளிக் கீயை மட்டும் வாங்கும் சர்வரில் சேர்க்க வேண்டும். தானாக ஓட வேண்டும் என்பதால் அந்தக் கீக்கு பாஸ்ஃபிரேஸ் (கீயைத் திறக்கும் பாஸ்வேர்டு) வைக்க முடியாது. அதாவது புனலூர் சர்வருக்குள் யாராவது நுழைந்துவிட்டால் அந்தக் கீ அவர் கையில். பலரும் கீ போட்டதோடு பாதுகாப்பு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. சர்வரில் எதையும் செய்யக்கூடிய ரூட் கணக்குக்குக் கீ கொடுத்துவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியாது.

அதனால் அந்தக் கீ எதைச் செய்யலாம் என்பதைக் குறுக்குங்கள். வாங்கும் சர்வரில் இந்த வேலைக்கென்றே ஒரு தனிப் பயனர். அவருக்கு ஷெல் (கட்டளை அடிக்கும் இடம்) கிடையாது, எஸ்எஃப்டிபி மட்டும்தான். எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்பு ஃபைலான எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் அந்தப் பயனருக்கு இன்டர்னல்-எஸ்எஃப்டிபியைக் கட்டாயமாக்கி, குரூட் டைரக்டரி வைத்து ஒரே ஃபோல்டருக்குள் அடைத்துவிடுங்கள். கீ இருக்கும் வரியின் முன்னால் ரெஸ்ட்ரிக்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போர்ட் ஃபார்வர்டிங் (இந்த இணைப்பு வழியாக வேறு சர்வர்களைத் தொடுவது) போன்ற வழிகள் அடைபடும். புனலூருக்கு நிலையான ஐபி (இணைய முகவரி) இருந்தால் இந்த ஐபியிலிருந்து மட்டும் என்றும் அதே வரியில் கட்டலாம்.

அப்புறம் வந்து விழும் ஃபைலை, வாங்கும் பக்கத்தில் ஓடும் இன்னொரு சிறிய ஸ்கிரிப்ட் அடுத்த சில நிமிடங்களில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட வேண்டும். அந்த ஃபோல்டர் அடைப்புக்கு வெளியே, வேறு பயனர் பெயரில் இருக்க வேண்டும். கோயில் உண்டியல் போல: போடலாம், போட்டதை எடுக்க முடியாது. கிளை சர்வரில் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தாலும் செங்கோட்டையில் ஏற்கெனவே சேர்ந்த ஃபைல்களை அந்தக் கீயால் தொட முடியாது.

இதில் பலரை அரை நாள் உட்கார வைக்கும் இடம் ஒன்று உண்டு. குரூட் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அதில் எழுத அனுமதி இருக்கக் கூடாது. இல்லையென்றால் கீ சரியாக இருந்தாலும் உள்ளே போன வேகத்தில் தொடர்பு அறுந்துவிடும். காரணம் வாங்கும் சர்வரின் லாக்கில் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) மட்டுமே இருக்கும், அனுப்பும் பக்கத்தில் தெரியாது. ரூட்டுக்குச் சொந்தமான ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் போட்டு, அதில் மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். கீ ஃபைல்களுக்கு 600, அவை இருக்கும் ஃபோல்டருக்கு 700 என்ற அனுமதியும் (சொந்தக்காரர் மட்டுமே திறக்கலாம் என்று பொருள்) முக்கியம். தளர்வாக இருந்தால் எஸ்எஸ்எச் அந்தக் கீயை ஏற்காது.

யார் யாரைக் கூப்பிடுவது? எங்கள் குமுளி லைன் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரு பொது ஐபி என்பதால் வெளியிலிருந்து அந்த சர்வருக்குள் நேராக வர முடியாது. அதனால் குமுளி அனுப்புகிறது, கம்பம் வாங்குகிறது. உங்கள் ரவுட்டரின் WAN முகவரி (இணையப் பக்கம் உள்ள ஐபி) 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் உங்களுக்கும் இதே கதைதான். நிலையான ஐபி இருக்கும் பக்கம் வாங்கட்டும்.

முதல் தடவை இணைக்கும்போது எதிர்ப்பக்க சர்வரின் ஃபிங்கர்பிரின்ட் (அந்த சர்வரை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர்) திரையில் வரும், சம்மதமா என்று கேட்கும். யோசிக்காமல் யெஸ் என்று அடித்துவிடுவது பரவலான வழக்கம். நடுவில் வேறு ஒரு சர்வர் உட்கார்ந்து பேசினால் அதைக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அதுதான். எங்களுக்கு அமைத்தபோது, குமுளியில் கணக்கு பார்க்கும் அக்கா திரையில் வந்ததைப் போனில் வாசித்தார், நான் கம்பத்து சர்வரில் இருந்ததோடு ஒப்பிட்டேன். ஷா256 ஃபிங்கர்பிரின்ட் 43 எழுத்து. “பெரிய கே, சின்ன எக்ஸ், ஏழு... தம்பி, இது முழுசும் படிக்கணுமா?” என்றார். “முழுசும் படிங்கக்கா” என்றேன். படித்தார். ஒருமுறை ஒப்பிட்டுச் சேர்த்துவிட்டால் பிறகு அது மாறினால் எஸ்எஸ்எச் தானே இணைய மறுக்கும். ஸ்கிரிப்டில் அந்தச் சோதனையையே அணைத்து வைக்கும் யோசனையை இணையத்தில் நிறையப் பார்ப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது பாதி ஃபைல். மலைப்பாதை உள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் லோயர் கேம்புக்கும் குமுளிக்கும் நடுவில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், கேபிள் போய்விடும். ஆரியங்காவு வழியிலும் மழைக்காலம் அப்படித்தானே. எஸ்எஃப்டிபி ஃபைலை அதன் சொந்தப் பெயரிலேயே எழுதிக்கொண்டு போகும். நடுவில் அறுந்தால் பாதி ஃபைல் முழு ஃபைலின் பெயரில் நிற்கும். இங்கே ஒரு கடையில் இதை நேரில் பார்த்தேன். கமாவால் பிரித்த ஃபைல், ஒவ்வொரு வரியிலும் கடைசியில் எடை. கடைசி வரியில் 142 கிலோ என்று இருக்க வேண்டியது 1 என்ற இலக்கத்தோடு அறுந்திருந்தது. ஸ்டாக் புரோகிராமுக்கு அது பிழையாகத் தெரியவில்லை. 1 கிலோ என்று ஏற்றிக்கொண்டது. அதற்குக் கீழே இருந்திருக்க வேண்டிய லாட் ஒன்றும் ஏறவில்லை. காலையில் மூட்டையை எண்ணிப் பார்த்த பையன் சொல்லித்தான் தெரிந்தது.

இதற்கு மருந்து சுலபம். ஃபைலை பார்ட் என்று முடியும் தற்காலிகப் பெயரில் அனுப்புங்கள். முழுதும் போய்ச் சேர்ந்த பிறகு அதே இணைப்பில் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். ஒரே டிஸ்க் பிரிவுக்குள் பெயர் மாற்றுவது ஒரே நொடியில் முழுசாக நடக்கும், பாதியில் நிற்காது. வாங்கும் பக்கத்து புரோகிராம் பார்ட் ஃபைல்களைத் தொடவே கூடாது. கூடவே ஷா256 தொகையை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறியீடு) ஒரு சிறிய ஃபைலில் அனுப்பி, வாங்கும் பக்கத்தில் சரிபார்த்த பின் ஸ்டாக்கில் ஏற்றினால் இன்னும் நல்லது.

பெரிய ஃபைல்கள், அதில் தினமும் கொஞ்சம் மட்டும் மாறுகிறது என்றால் ஆர்சிங்க் நல்லது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், தற்காலிகப் பெயர் வேலையைத் தானே செய்யும். ஆனால் பார்ஷியல் என்ற விருப்பத்தைப் போட்டால் அறுந்த பாதியை உண்மைப் பெயரிலேயே வைத்துவிடும். அதற்குப் பதில் பார்ஷியல்-டிர் போட்டுத் தனி ஃபோல்டரில் வைக்கச் சொல்லுங்கள். டெலீட் விருப்பத்தை இந்த வேலையில் சேர்க்கவே வேண்டாம், அனுப்பும் பக்கத்தில் ஒரு ஃபோல்டர் காலியானால் அங்கேயும் காலியாகிவிடும். இன்னொன்று, மேலே சொன்ன எஸ்எஃப்டிபி மட்டும் என்ற அடைப்புக்குள் ஆர்சிங்க் ஓடாது. ஆர்சிங்க்கோடு வரும் ஆர்ஆர்சிங்க் ஸ்கிரிப்டைக் கீயின் வரியில் கட்டாயக் கட்டளையாகப் போட்டால் அதையும் ஒரே ஃபோல்டருக்குள் அடைக்கலாம், எழுத மட்டும் என்றும் கட்டலாம். உங்கள் பில் ஃபைல்கள் சில எம்பிதான் என்கிறீர்கள், அதற்கு எஸ்எஃப்டிபியே போதும்.

குறித்த நேரத்துக்கு ஓட வைக்க லினக்ஸில் பலரும் பயன்படுத்துவது கிரான். ஆனால் ஓட வேண்டிய நேரத்தில் கரன்ட் இல்லையென்றால் கிரான் அந்த முறையை விட்டுவிடும், பிறகு நினைவு வைத்து ஓட்டாது. எங்கள் டிப்போவில் அதனாலேயே சிஸ்டம்டி டைமர் வைத்திருக்கிறேன். பெர்சிஸ்டன்ட் என்பதை இயக்கினால், கரன்ட் வந்து சர்வர் எழுந்ததும் விட்டுப்போன வேலையைத் தானே ஓட்டும். ஸ்கிரிப்டில் பேட்ச்மோட் (எதையும் கேட்காமல் ஓடச் சொல்லும் எஸ்எஸ்எச் விருப்பம்) கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கீ ஏதோ காரணத்தால் மறுக்கப்பட்ட இரவில் பாஸ்வேர்டுக்குக் காத்துக்கொண்டு அப்படியே நிற்க வாய்ப்பு உண்டு. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதிருக்க எஃப்லாக் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புனலூரில் இருப்பது விண்டோஸ் என்றால் அனுப்புவதற்கு வின்எஸ்சிபியும் டாஸ்க் ஷெட்யூலரும் போதும். விண்டோஸிலேயே வாங்க வேண்டுமென்றால் சர்வர் 2019 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச்சைச் சேர்த்துக்கொள்ளலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் உள்ள பயனருக்கு மட்டும் பப்ளிக் கீ அவருடைய ஃபோல்டரில் போட்டால் எடுக்காது, புரோகிராம்டேட்டாவுக்குள் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் தனி ஃபைல் இருக்கிறது. எப்படியும் இந்த வேலைக்கு அட்மின் பயனரைக் கொடுக்காதீர்கள்.

லாக்குகளை 180 நாள் வைத்திருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு அதைக் கேட்கிறது, இரண்டு சர்வரின் கடிகாரமும் என்டிபியோடு (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஒத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கடிகாரம் ஒத்துப்போனால்தான் புனலூர் லாக்கையும் செங்கோட்டை லாக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியும்.

கடைசியாகக் கண்காணிப்பு. தோற்றால் மெயில் அனுப்பும்படி அனுப்பும் ஸ்கிரிப்டிலேயே எழுதுவது வழக்கம். அதையும் செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். குமுளியில் லைனே இல்லாத இரவில் குமுளி சர்வர் யாரிடம் புகார் சொல்லும்? அதனால் பார்க்க வேண்டியது வாங்கும் பக்கம். கம்பத்தில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் காலை ஆறு மணிக்கு இன்றைய ஃபைல் வந்ததா, அதன் அளவு பூஜ்யம் இல்லையா, ஷா256 தொகை சரியா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் டெலிகிராமில் எனக்கும் குமுளி அக்காவுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். கடை திறக்கும் முன் போனில் பேசி, தேவைப்பட்டால் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஃபைலை இறக்கிவிடுவோம். அனுப்பும் பக்கத்திலிருந்து கூப்பிடுவதால் எந்த லைனில் வந்தாலும் வேலை நடக்கும். இந்த வசதி வேண்டுமென்றால் ஐபி கட்டுப்பாட்டை மட்டும் கீ வரியில் போடாமல் விடுங்கள். நாங்கள் போடவில்லை. அதற்கு ஈடாக எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு நுழைவை முழுதாக அணைத்து, திரும்பத் திரும்பத் தவறாக நுழைய முயலும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேனும் ஓட்டுகிறோம்.