நெப்போலியன் கோஸ்டின் கிதார் இசை: கேள்வியும் பதிலும்

காரைக்குடி வாசகர்: ஐயா, கிதாருக்கு இசை எழுதிய சோர், ஜூலியானி ஆகியோரைக் கேட்டு முடித்தவர்கள் அடுத்து நெப்போலியன் கோஸ்டைக் கேட்கலாம் என்றீர்கள். அவரிடம் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: 1805-இல் பிரான்சின் கிழக்குப் பகுதியில் அமோந்தான் என்ற சிற்றூரில் பிறந்த கோஸ்ட், பாரிஸுக்கு வந்து ஃபெர்னாண்டோ சோரிடம் பாடம் கேட்டவர். சோர் இரண்டு கிதார்களுக்காக எழுதிய 'சுவெனீர் தெ ருஸி'யை இந்தச் சீடருக்கே காணிக்கையாக்கினார். கிதாரில் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் மேல், கீழ் இசைவரிகளில் (குரல்களில்) ஒவ்வொன்றையும் அதனதன் வழியில் நடத்தும் ஒழுங்கு குருவிடமிருந்து வந்தது; கீழ்க்குரலுக்கு அவர் தரும் கனம் அவருடைய சொந்தச் சொத்து. அதற்குக் காரணம், அவர் வாசித்தது ஏழு தந்திக் கிதார். வீணைக்கும் தந்தி ஏழுதானே என்று காரைக்குடிக்காரர்கள் கேட்பீர்கள். வீணையின் பக்கத்தில் உள்ள மூன்று தந்திகள் தாளத்துக்கானவை; கோஸ்டின் ஏழாம் தந்தியோ ஆறாம் தந்திக்கும் கீழே இறங்குவதற்காக விரற்பலகைக்கு வெளியே கட்டப்பட்டது.

தேவகோட்டை வாசகர்: என்னிடம் இருப்பது ஆறு தந்திக் கிதார். அதில் இவற்றை வாசிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆறாம் தந்தியை ஈ (E) சுரத்திலிருந்து டி (D) சுரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தந்தியில் மூன்றாம் கட்டத்தில் (fret) இருந்த ஜி (G) அப்போது ஐந்தாம் கட்டத்துக்குப் போய்விடும். உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. கோஸ்டுக்கு ஈ, டி இரண்டும் விரல் வைக்காமலே ஒலித்தன. உங்களுக்கோ ஈ-யைப் பிடிக்க இரண்டாம் கட்டத்தில் ஒரு விரல் செலவாகும், அந்த விரல் மேல்குரலுக்கு உதவாது. எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து வாசித்தபோது, தாழ்ந்த டி அடுத்த இசைவு (chord) வந்த பிறகும் கார்வையாக நின்று அதைக் கலக்கியது. அதைப் பெருவிரலால் தொட்டு அடக்கப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கானாடுகாத்தான் ஆச்சி: தம்பி, என் பேரன் இரண்டு வருடமாகக் கிதார் படிக்கிறான். இதைத் தொடங்கலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள், ஆச்சி. கோஸ்டின் ஓபஸ் 38, அதாவது அவருடைய படைப்பு வரிசையில் 38 என்ற எண் கொண்டது, இருபத்தைந்து பயிற்சிகளைக் கொண்டது. பெயர்தான் பயிற்சி, பல உருப்படிகள் கச்சேரிக்கே போதும். முதலில் சோரின் பாடங்கள் கைக்கு வரட்டும். சோரின் பாடநூலைத் திருத்திப் பதிப்பித்தவரும் கோஸ்ட்தான்.

புதுவயல் வாசகர்: இத்தனை இருந்தும் ஏன் பெயர் பரவவில்லை?

பதில்: அவருடைய காலத்தில் பாரிஸில் பியானோ கிதாரை ஓரங்கட்டிவிட்டது. 1856-இல் ருசிய கிதார் கலைஞர் மக்காரோவ் பிரஸ்ஸல்ஸில் நடத்திய கிதார் இசையமைப்புப் போட்டியிலும் மெர்ட்ஸ் என்ற இன்னொரு இசையமைப்பாளருக்கு முதற்பரிசு, கோஸ்டின் 'கிராண்ட் செரினாட்'டுக்கு இரண்டாம் பரிசு.

அதே வாசகர்: அவர் எழுதியதில் எதை விட்டுவிடலாம்?

பதில்: பெரிய கற்பனைப் படைப்புகளில் (fantaisie) சில, அரங்கத்தை மிரட்ட எழுதியவை போல நீள்கின்றன, அவற்றை ஒருமுறை கேட்டால் போதும். அவர் பிறந்த மண்ணின் ஊற்று ஒன்றைப் பெயராகக் கொண்ட 'லா சூர்ஸ் தியூ லிசோன்' வேறு வகை. அதை விடாதீர்கள்.