சுரங்கத் தொழிலாளியின் மகன் என்ன படிக்கலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தாம் வகுப்பு முடித்த மகனைச் சுரங்கவியல் டிப்ளமோவில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெய்வேலிச் சுரங்கம் நாளைக்கே மூடப்பட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1,000 மெகாவாட் புதிய அனல்மின் நிலையம் அந்தப் பழுப்பு நிலக்கரியை நம்பித்தான் இயங்குகிறது. ஆனால் 1962 முதல் மின்சாரம் தந்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிறுத்தப்பட்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்தியா தன் நிகரக் கரிம உமிழ்வைச் சுழியமாக்க, அதாவது வெளியிடும் கரிமமும் உறிஞ்சப்படும் கரிமமும் சமமாகும்படி செய்ய, வைத்திருக்கும் இலக்கு 2070. உங்கள் மகன் பணி ஓய்வு பெறுவதும் ஏறத்தாழ அப்போதுதான் என்பதால், அவனுடைய பணிக்காலம் முழுவதும் நிலக்கரியிலிருந்து விலகும் இந்த மாற்றத்துக்குள்ளேயே கழியும்.

எனவே எலக்ட்ரிக்கல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோவையே பரிந்துரைக்கிறேன். ஐடிஐ என்றால் எலக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர் பிரிவு. கன்வேயர் பெல்ட்டின் கியர்பாக்ஸைப் பிரித்து பேரிங் மாற்றத் தெரிந்த ஃபிட்டர், உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்புப் பயிற்சியையும் முடித்துவிட்டால், கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்புக்குப் போக முடியும். சுரங்கம் ஓடும்வரை சுரங்கத்திலும் அவனுக்கு வேலை உண்டு. எலக்ட்ரீஷியன் முடித்தவர்களுக்கு சூரியமித்ரா என்ற மூன்று மாத சூரிய மின்சக்திப் பயிற்சியும் இருக்கிறது. அப்ரண்டிஸ் பயிற்சி கிடைத்தால் அவசியம் சேரட்டும். ஆனால் அது நிரந்தர வேலைக்கான உறுதி அன்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கமுதியில் 2016-இல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் சூரியப் பூங்கா போன்றவற்றில், கட்டும் காலத்தில் தேவைப்படும் ஆட்களில் மிகச் சிலரே பின்னர் பராமரிப்புக்கு வேண்டியிருக்கிறது. அந்த வேலையும் நெய்வேலியைத் தேடி வருவதில்லை. அனல்மின் நிலையம் ஒன்று மூடப்படும்போது நிரந்தரப் பணியாளரை வேறு பிரிவுக்கு மாற்ற வழியுண்டு. உங்களைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளருக்கோ ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் ஒப்பந்த வேலையில் இருப்பவர்களின் நிலையும் இதுதான். இந்தச் சுமை முழுவதையும் ஒரு மாணவனின் படிப்புத் தேர்வின்மேல் ஏற்றுவது அநியாயம். ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018-இல் மூடப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அரசும் நிறுவனமும் தொழிற்சங்கமும் கூடிப் பேசி, முன்கூட்டிய ஓய்வூதியத்துக்கும் மாற்று வேலைக்கும் ஏற்பாடு செய்தன. அத்தகைய பேச்சுவார்த்தையில் ஒப்பந்தத் தொழிலாளரும் இடம்பெற வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் இப்போதே கேளுங்கள்.

ஒப்பந்தக்காரர்கள் மாறிய ஒவ்வொரு முறையும் உங்கள் பணிக்காலம் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விடுபடாமல் ஏறியிருக்கிறதா என்று இந்த மாதமே சரிபார்த்துவிடுங்கள். நாளை இழப்பீடோ மறுபயிற்சியோ வந்தால், இத்தனை ஆண்டுகள் உழைத்தீர்கள் என்பதற்கு அதுவே உங்கள் கையிலுள்ள சான்று.