1860 ரிவால்வர், எச்-1பி விசா, நியூ ஜெர்சி: கொண்டுவரலாமா?

கேள்வி: டெக்சாஸில், பிளேனோவில், எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாற்றில் ஈடுபாடு உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் கோல்ட் 1860 ஆர்மி ரிவால்வர் ஒன்றை வாங்கினேன். விற்றவர் எந்தப் படிவமும் கேட்கவில்லை. கூடவே, தோட்டா போட்டுச் சுடுவதற்கான மாற்று சிலிண்டர் ஒன்றையும் ஒரு பெட்டி தோட்டாவையும் கொடுத்தார். இப்போது நிறுவனம் என்னை நியூ ஜெர்சிக்கு மாற்றுகிறது. விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம் என்கிறார் நண்பர். ரிவால்வரைக் காரில் எடுத்துவரலாமா? இல்லை, கோயம்புத்தூரில் அப்பாவிடம் கொடுத்து வைக்கலாமா?

பதில்: ரிவால்வர் இருக்கட்டும், முதலில் அந்தத் தோட்டாப் பெட்டியைப் பற்றிப் பேசுவோம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அதுதான்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உங்களிடம் அது இருப்பதாக எழுதவில்லை. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. ஆனால் எது 'துப்பாக்கி' என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் இடத்திலேயே, 1898-லோ அதற்கு முன்போ தயாரானவை துப்பாக்கிக் கணக்கில் சேராது என்றும் இருக்கிறது. விற்றவர் படிவம் கேட்காததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஆக, உங்கள் ரிவால்வர் உண்மையிலேயே பழையது என்றால் அதை நீங்கள் வைத்திருந்தது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமில்லை. டெக்சாஸ் சட்டமும் 1899-க்கு முந்தைய பழங்காலத் துப்பாக்கியை விலக்கி வைத்திருக்கிறது.

தோட்டா அப்படியல்ல. அசல் 1860 ஆர்மியில் தோட்டாவே கிடையாது. சிலிண்டர் எனும் சுழலும் உருளையில் உள்ள ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்திக் கெட்டிப்பார்கள். பின்புறம் ஒரு சின்னச் செம்புத் தொப்பியைச் செருகுவார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடி மாதிரி, அடி விழுந்ததும் அது பொறி விடும். இந்தச் சாமான்களைப் பழங்காலத் துப்பாக்கிக்கென வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் மாற்று சிலிண்டருக்குப் போடும் தோட்டா, இன்றைய துப்பாக்கிகளுக்கென்று இன்று தயாராகிற தோட்டா. பழங்கால விலக்கு அதற்குப் பொருந்தாது. துப்பாக்கியில் தப்பித்த நீங்கள் தோட்டாவில் மாட்டுகிறீர்கள்.

எனவே இன்றே டெக்சாஸில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். பெட்டியை எப்படி ஒப்படைப்பது என்று அவர் வழியாகவே முடிவு செய்யுங்கள். அதுவரை யாருக்கும் கைமாற்றாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனை கேட்காதீர்கள்.

அடுத்து, ரிவால்வர் அசல்தானா என்று பாருங்கள். 1860 ஆர்மி 1873 வரை, சுமார் 2,00,000 தயாரானது. குழலின் அடிப்பகுதி, உடற்சட்டம், விசைக் காப்பு, கைப்பிடியின் அடித்தகடு ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி செதுக்கியிருக்கும். இத்தாலியில் இன்றும் தயாராகிற நகல்களிலும் அதே காட்சி உண்டு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இத்தாலியச் சோதனை முத்திரையோ, அதை ராவி எடுத்த தடமோ தெரிந்தால் உஷார். செம்புத் தொப்பி வைத்துச் சுடும் நகலுக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் மாற்று சிலிண்டரைப் பொருத்திய நிமிடமே அந்த விலக்கு போய்விடும், விசாவில் இருக்கும் உங்கள் கையில் அது முழுத் துப்பாக்கி ஆகிவிடும். அசலோ நகலோ, அந்த சிலிண்டர் உங்களுக்கு வேண்டாம். அதையும் வழக்கறிஞரிடமே சொல்லுங்கள்.

இனி நியூ ஜெர்சி. நான் இங்கே தொழில் செய்கிறவன். கையில் பழைய துப்பாக்கியோடு குடிவருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கவலை வந்துவிடும். இந்த மாநிலச் சட்டத்திலும் 'பழங்காலத் துப்பாக்கி' என்ற சொல் உண்டு. ஆனால் அது ரைபிளையும் ஷாட்கன்னையும் பழைய பீரங்கியையும் மட்டுமே குறிக்கிறது. கைத்துப்பாக்கி அந்த வரியில் இல்லை. கோல்ட் தன் முதல் ரிவால்வர்களை 1836-இல் செய்யத் தொடங்கியது இதே மாநிலத்தின் பேட்டர்சன் நகரில். அந்த ரிவால்வரை இன்று அங்கே காரில் வைத்துப் போனாலும் சட்டத்தின் கண்ணில் அது சாதாரணக் கைத்துப்பாக்கிதான். அனுமதியில்லாமல் எடுத்துப் போவது இரண்டாம் நிலைக் குற்றம்: 5 முதல் 10 ஆண்டு சிறை, அதில் குறைந்தது 42 மாதம் பரோல் இல்லாமல்.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 2014-இல் 72 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 18-ஆம் நூற்றாண்டின், கல் உரசிப் பொறி விட்டுச் சுடும் கைத்துப்பாக்கி ஒன்றைக் காரில் வைத்திருந்தார். மருந்து இடப்படவில்லை. வண்டியை நிறுத்திய அதிகாரியிடம் அவரே வாய்விட்டுச் சொன்னார். மறுநாள் காலை கைதானார். பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2015-இல் வழக்கைக் கைவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். உங்களுக்கு அப்படி நடந்தால், வழக்கு விழுந்தாலும் 'எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா' என்ற கேள்வி ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

குடிபெயரும்போது கைத்துப்பாக்கியை மருந்தில்லாமல், பூட்டிய பெட்டியில் கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் குடிவந்த 60 நாளுக்குள் துப்பாக்கி வாங்குபவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, ஆயுதத்தையும் பதிவு செய்ய வேண்டும். தற்காலிக விசாவில் இருந்துகொண்டு அந்த அட்டையை நம்பி வண்டியில் ஏற்றாதீர்கள். வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் 'துப்பாக்கி' கொண்டுபோகிறவருக்குக் கூட்டாட்சிச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. உங்களுடையது கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியே இல்லையே, அப்புறம் பாதுகாப்பு எங்கே என்று அரசுத் தரப்பு கேட்க முடியும். உங்களைக் காப்பாற்றிய அதே வரையறை அங்கே எதிராகத் திரும்பும்.

கோயம்புத்தூர் யோசனையை விட்டுவிடுங்கள். இந்திய ஆயுதச் சட்டம், 1959-இன் 45-ஆவது பிரிவு பழம்பொருள் ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான். உங்கள் ரிவால்வர் சுடும். உரிமம் இல்லாமல் அது விமான நிலையச் சுங்கத்தைத் தாண்டாது, தாண்டினால் அப்பா தலையில் வழக்கு விழும்.

என் யோசனை: ரிவால்வர் டெக்சாஸிலேயே இருக்கட்டும். நம்பிக்கையான, குடியுரிமை உள்ள ஒரு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். நான்கு எண்களும் தெரியும்படி படம் எடுத்து, இன்ன நிலையில், பாதுகாப்புக்காக மட்டும் ஒப்படைத்தேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாங்கிய ரசீதை மட்டும் உங்களோடு எடுத்து வாருங்கள். கிரீன் கார்டு வந்த பிறகு இங்கே அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்; அது கைக்கு வந்ததும், கொண்டுவருவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.